மின்மினியின் அக்கா

மின்மினி அவர்களுக்கு,

பட்டப்பகலில் நெற்றிவிளக்கை அணைக்காமல் நடந்தாயாம். உங்கள் மலையேற்றக் குழுவின் டாம்சின் உடனே இந்தப் பெயரை வைத்துவிட்டாள். மலைப்பாதையில் உடன் நடப்பவர்தான் பட்டப்பெயர் வைக்க வேண்டுமாமே! முழங்கால் வலியோடு வீட்டில் கிடப்பவளுக்கு அந்த உரிமை ஏது?

சனிக்கிழமை உன்னை அழைத்துப்போக மலையடிவாரத்தில் காரோடு நின்றேன். "ஏய் மின்மினி, உங்க அக்கா வந்துட்டாங்க, கிளம்புடி!" என்று அவள் கத்தினாள்.

நீ சிரித்தாய். மறுக்கவில்லை.

உங்கள் குழுவில் எல்லார் பையிலும் வானவில் கொடி. இந்த வெர்மான்ட் மாநிலத்திலேயே நாம் எதையும் மறைக்க வேண்டாத இடம் அதுதான் என்று நீதானே சொன்னாய்? அங்கே போய் யாருக்காக என்னை மறைத்தாய்?

வரும் வாரம் நானும் ஏறுகிறேன். கால் போனால் போகட்டும். எனக்கும் ஒரு பெயர் வைக்கட்டும் அவள். அதற்குமுன் நான் யாரென்று நீயே சொல்லிவிடு.

உன் மனைவி