ஏற்றத்தில் நழுவிய முதல் கியர்

என் பிரியம் முழுவதற்கும் உரியவரே,

கடிதம் என்றால் பெயரிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சகோதரிகள் சொன்ன வேறெதையும் நான் மீறியதில்லை. இதை மட்டும் மீறுகிறேன். நீங்கள் இருந்தவரை உங்கள் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாதவளுக்கு இப்போது எழுத மட்டும் கை வருமா? யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அது போதும்.

உங்கள் ஆண்டுத் திதி குறைவில்லாமல் நடந்தது. ஐயர் ஹட்டன் குளிருக்குப் பயந்து அவசரப்பட்டார். நான் நிறுத்தி, விட்டதை மறுபடி சொல்லவைத்தேன். நம் மகள் காமாட்சி கந்தப்பளையிலிருந்து ரயிலில் வந்தாள். ஏன் ரயிலில் வந்தாள், கார் அனுப்பவில்லையா என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காமாட்சியைப் பார்க்கப் புறப்பட்டேன். டிரைவர் மாரிமுத்து ஓட்டினான். நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு நம் மகன் சதாசிவம் வைத்த ஆள். உங்களுக்கு அவனை அதிகம் தெரியாது. நான் பின்சீட்டில் இருந்தேன். நானுஓயா தாண்டி நுவரெலியாவுக்கு ஏறுகிற அந்தச் செங்குத்தான வளைவில் முதல் கியரைப் போட்டான். பாதி ஏற்றத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். கியர்க் கம்பி தானாகவே துள்ளி வெளியே வந்துவிட்டது. இஞ்சின் வெறுமனே அலறுகிறது, சக்கரத்துக்கு இழுவை இல்லை, கார் பின்னோக்கி உருளுகிறது. ஒருபக்கம் மலை. மறுபக்கம் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே வெறும் மூடுபனி.

மாரிமுத்து பிரேக்கில் ஏறி நின்றுவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். கைப் பிரேக்கையும் இழுத்த பிறகு கார் நின்றது.

"பெரியம்மா, எறங்கிடுங்க! எறங்கிடுங்க பெரியம்மா!" என்று கத்தினான்.

"கீழே ஒரே சேறு. நீ எறங்கி மொதல்ல சக்கரத்துக்குக் கல்லு வை" என்றேன்.

இரண்டு பெரிய கல் தேடிக்கொண்டு வந்து வைத்தான்.

அப்படியே திரும்பி மெதுவாக வீடு வந்தோம். நாங்கள் வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. நம் கடைவாசலில் சதாசிவம் நின்றிருந்தான். உங்கள் பிள்ளைக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகும், உங்களைப் போலவே.

"போதும்மா. இந்தக் காரை வித்துடலாம். வட்டகொடைக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. மாசம் பொறந்ததும் வந்து எடுத்துக்கட்டும்."

"அவர் எதுக்கு வாங்குறாரு?"

"கூரையை வெட்டிட்டுக் கோவா, கரட்டுன்னு மரக்கறி ஏத்தப் போறாராம்."

"உங்கப்பா உக்காந்த எடத்துல கோவாவும் கரட்டுமா?"

"நீங்க உருண்டு போறதுக்கு அது பரவாயில்லம்மா."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. சீமைக்குத் திரும்பிப் போன திம்புள்ளத் தோட்டத்துத் துரை ஒருவரிடம் நீங்கள் வாங்கும்போதே அது பழைய கார். கடைத்தெருவே சிரித்தது. பலசரக்குக் கடைக்காரனுக்குத் துரை வண்டி எதற்கு என்றார்கள். நீங்கள் எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, நான் ஏறிய பிறகுதான் மறுபக்கம் போய் ஏறுவீர்கள். அதைக் கண்டு இன்னும் சிரித்தார்கள். அந்தக் காரின் கூரையை வெட்டுவதை நான் உயிரோடு பார்த்துக்கொண்டிருப்பதா?

ஆகவே சதாசிவத்திடம் ஒரு பேச்சுப் பேசினேன். கார் பழுது பார்க்கப்பட வேண்டும். அவனே அதை ஓட்டி, ஸ்டேஷன் பக்கத்து மேட்டில் முதல் கியரில் ஏற்ற வேண்டும். நழுவாமல் ஏறினால் கார் வீட்டில் இருக்கும். நழுவினால் நானே வட்டகொடைக்காரர் கையில் ஒப்படைப்பேன்.

"அப்புறம் பேச்சு மாறக்கூடாதும்மா."

"மாத்திப் பேசி என்னைக்குடா பாத்தே?"

மெக்கானிக் ஹமீது நானாவைக் கூப்பிட்டனுப்பினேன். உங்களோடு மோட்டார்க் கதை பேசிப் பேசியே தன் பட்டறையைப் பூட்ட மறந்துபோகும் அதே ஹமீது நானாதான். இப்போது தாடி நன்றாக நரைத்துவிட்டது. வந்தவர் முதலில் எண்ணெயைக் குற்றம் சொன்னார். குளிரில் கியர்ப் பெட்டியின் எண்ணெய் பசை மாதிரி உறைந்து, பற்களைச் சேரவிடாமல் தடுக்கிறதாம். எண்ணெயை மாற்றினார். கார் மறுபடியும் நழுவியது. இதற்கு நடுவில்தான் உங்கள் திதி வந்தது, காமாட்சியும் ரயிலில் வந்தாள். அடுத்தபடி மாரிமுத்துவைக் குற்றம் சொன்னார்.

"கிளச்சை முழுசா மிதிக்காமக் கம்பியை இழுத்தா என்ன ஆகும்? கழுதையா இருந்தாலும் ஒதைக்கத்தான் செய்யும்."

"நான் மிதிக்கிறேன் நானா! வேணும்னா நீங்க கீழ படுத்துப் பாருங்க!" என்றான் மாரிமுத்து. பாவம், அழுதுவிடுவான் போல் இருந்தது. முன்பும் சின்னச் சின்னதாக நழுவியிருக்கிறதாம். சொன்னால் வேலை போய்விடும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறான். அவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது, என் வாயால்தான்.

கடைசியில் கியர்ப் பெட்டியைத் திறப்பது என்று முடிவாயிற்று. முன்சீட்டை அதன் பலகையோடு கழற்றி வெளியே வைத்தார்கள். கீழ்ப் பலகைகளை எடுத்தார்கள். கம்பியோடு சேர்ந்த மூடியைத் தூக்கினார் ஹமீது நானா. கடையின் பின்முற்றத்தில் வெள்ளை வேட்டியை விரித்து, ஒவ்வொரு திருகாணியையும் எடுத்த வரிசைப்படி அதில் வைக்கச் சொன்னேன். முனகினார். வைத்தார்.

நானும் குனிந்து பார்த்தேன். எண்ணெய்க்குள் பல்சக்கரங்கள். துடைக்கச் சொல்லிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது.

"நானா, இந்தச் சக்கரத்துல ஒவ்வொரு பல்லும் பாதிதான் பளபளக்குது. மீதிப் பாதி ஏன் மங்கியிருக்கு? சோம்பேறி வெளக்குன செம்பு மாதிரி?"

அவர் விளக்கைக் கிட்டே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா, நீங்க பட்டறை தொறந்தா நான் கடையைச் சாத்திட வேண்டியதுதான். ஒரு பல்லு இன்னொரு பல்லுக்குள்ள முழுசாப் போனா முழுப் பல்லும் தேயணும். இது பாதிதான் போகுது. அதான் ஏத்தத்துல பாரம் வந்ததும் தள்ளி விட்டுடுது."

"ஏன் பாதியோட நிக்குது?"

"அதுதான் தெரியல."

உள்ளே சக்கரத்தைத் தள்ளும் கவை வளைந்திருக்கும் என்று நினைத்தார். அதைக் கழற்றிப் பார்த்தார், நேராக இருந்தது. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லாத மனிதர். அதனால்தான் அவரை உங்களுக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, சீட்டைப் போடுமுன் ஒருதடவை ஓட்டிப் பார்க்கலாம் என்றார். உட்கார ஏதாவது வேண்டுமே? கடையில் கிடந்த காலித் தேயிலைப் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து உள்ளே வைத்தான் மாரிமுத்து. அதன்மேல் ஹமீது நானா ஏறி உட்கார்ந்து, தலை கூரையில் இடிக்கத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷன் மேட்டில் ஏறினார். நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைத்தெரு முழுக்க வேலையை விட்டு வந்து நின்றது. "நானா, பெட்டிக்கு என்ன விலை?" என்று யாரோ கேட்டார்கள். கார் மேலே போய், திரும்பி, மறுபடி ஏறியது. ஒருமுறைகூட நழுவவில்லை.

"கழட்டிப் பூட்டினதுல எங்கேயோ சரியாப் போச்சு" என்று இறங்கியவர் தாடியைத் தடவிக்கொண்டார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் சந்தோஷத்தில் சீட்டைப் போடச் சொல்லிவிட்டேன்.

சீட்டைப் போட்டார்கள். சதாசிவம் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மேட்டின் பாதியில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, 'டக்'. கார் பின்னால் வந்து கடலைக்காரர் தள்ளுவண்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

அவன் இறங்கி என்னிடம் நடந்துவந்தான். வெற்றி அவன் முகத்தில் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"விட்டுடலாம்மா" என்றான் மெதுவாக.

கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அதே எண்ணெய். அதே பல். அதே மேடு. ஹமீது நானா ஓட்டினால் ஏறுகிறது, சதாசிவம் ஓட்டினால் நழுவுகிறது என்றால், இரண்டுக்கும் நடுவில் மாறியது என்ன?

"மறுபடியும் அந்தப் பெட்டியைக் கொண்டுவாங்க" என்றேன்.

"அம்மா…"

"சீட்டைக் கழட்டிட்டுப் பெட்டியில உக்காந்து நீ ஓட்டு. அப்பவும் நழுவினா வட்டகொடைக்காரருக்கு ஆள் அனுப்பு."

கோட்டோடு தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்து ஓட்டினான் உங்கள் பிள்ளை. நழுவவில்லை.

அப்புறம் சீட்டை வெளியே வெயிலில் வைத்துப் பார்த்தோம். முன்விளிம்பில், தோலுக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். முதல் கியர் போடக் கம்பியைப் பின்னால் இழுக்கும்போது அது இந்த விளிம்பில் முட்டி நின்றுவிடுகிறது. அதற்குமேல் போக இடமில்லை. அதனால்தான் உள்ளே பல் பாதியோடு நிற்கிறது. சீட் இல்லாதபோது முட்ட ஒன்றுமில்லை. முழுவதும் போய்ப் பிடித்துக்கொள்கிறது.

"கம்பெனிக்காரன் இப்படியா செய்வான்?" என்றான் சதாசிவம்.

ஹமீது நானா கம்பியை விரலால் வருடினார். "இது கம்பெனி வளைவு இல்ல தம்பி. சுத்தியல் அடி தெரியுது பாருங்க. யாரோ உலையில வச்சு வளைச்சிருக்காங்க."

கடைத்தெருவில் உலை வைத்திருப்பவர் ஒருவர்தான். கம்பியைக் கழற்றிக்கொண்டு மூன்று பேரும் எதிர்ச்சாரிக்குப் போனோம். கொல்லுப்பட்டறை ஆசாரி அதைக் கையில் வாங்கியதுமே சிரித்துவிட்டார்.

"இது நம்ம கைவேலைதானுங்களே! பெரிய முதலாளி கொண்டாந்தாங்க. வண்டி வாங்கின புதுசு. 'ஆசாரி, கியரு போடுறப்ப இந்தக் குமிழு வீட்டம்மா மொழங்கால்ல இடிக்குது, சேலையில எண்ணெ படுது. கொஞ்சம் என் பக்கமா ஒதுக்கிக் குடு'ன்னாங்க. ஒதுக்குனேன். லேசாப் பின்னாலயும் வந்துடுச்சி. 'பரவால்ல, நான் பாத்துக்கறேன்'னாங்க."

சதாசிவம் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் சொன்னேனா அப்படி? யோசித்துப் பார்த்தால் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். தலவாக்கலையில் ஒரு கல்யாணம். என் மயில்கழுத்துப் பட்டில் கறுப்பாக ஒரு வட்டம். சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை, கறை கறைதான். ஆனால் நீங்கள் ஒன்றும் பேசாமல் ஆசாரியிடம் போய்வந்ததை என்னிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா?

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் உங்கள் இடது கை அந்தக் கம்பியை விட்டு எழுந்ததே இல்லை. ஒற்றைக் கையால் ஓட்டுவது வீண் ஜம்பம் என்று நான் எத்தனை தடவை கடிந்திருப்பேன்! "பழக்கமாயிடுச்சி மரகதம்" என்று சிரிப்பீர்கள். நழுவாமல் இருக்கப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அத்தனை வருஷமும். கை வலிக்கவில்லையா உங்களுக்கு? ஒரு மலையிலாவது, சொல்லிவிடலாம் என்று தோன்றவில்லையா?

அன்பு வேறு, வேலை வேறு. கம்பியை வளைத்தவர் அது சீட்டில் முட்டாதபடியும் பார்த்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டது அரைகுறை வேலை. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லையே என்றுதான் இருக்கிறது.

"இப்ப என்ன செய்யலாம்மா?" என்றான் சதாசிவம். "கம்பியைத் தொட வேணாம். அப்பா செஞ்சது அப்படியே இருக்கட்டும். சீட்டை வெட்டிக்கலாம்."

விற்றுவிடு என்றவன் இப்போது வளைவைக்கூடத் தொட விடமாட்டேன் என்கிறான். ஆனால் ஹமீது நானா தலையை ஆட்டினார். விளிம்புப் பலகைதான் சீட்டைத் தாங்குகிறது, அதை வெட்டினால் சீட் உட்கார்ந்துவிடும் என்றார்.

நான்தான் சொன்னேன். "ஆசாரி, கம்பியை நிமித்துங்க. முன்னே எப்படி இருந்துச்சோ அப்படி."

உலையில் அது சிவந்தபோது நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் சதாசிவம் காரை எடுத்தான். ஸ்டேஷன் மேட்டுக்கு அல்ல, கந்தப்பளைக்கே. நான் பின்சீட்டுக் கதவைத் தொட்டுவிட்டு, அப்புறம் முன்னால் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். விதவை முன்சீட்டில் போகிறாள் என்று கடைத்தெரு பேசியிருக்கும். பேசட்டும். நானுஓயா தாண்டி அந்த வளைவு வந்தது. முதல் கியரைப் போட்டான். கம்பி இடதுபுறம் சாய்ந்து பின்னால் வந்து, கடைசிவரை போய், 'ணக்' என்று உட்கார்ந்தது. அதன் குமிழ் என் முழங்காலில் வந்து முட்டியது.

அவன் கையை எடுத்துவிட்டான். கார் ஏறியது. கம்பி அசையவில்லை.

"அம்மா, இடிக்குதா?"

"இடிக்குது. நீ மேலே ஏத்து."

வட்டகொடைக்காரர் மாதம் பிறந்ததும் வந்தார். சதாசிவமே தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தான்.

இனி மாதாமாதம் முன்சீட்டில்தான் போகப்போகிறேன். அந்தக் கம்பியை யாரும் மறுபடி வளைக்க விடமாட்டேன். ஏற்றம் வரும்போது முழங்காலையும் ஒதுக்க மாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. தந்த வாக்கை நான் மாற்றுகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மனைவியும்,
உங்கள் பிள்ளைகளின் தாயுமான
மரகதவல்லி