நேரே பேசாதவர்களுக்கு எத்தனை மதிப்பெண்?

ஜூன் 9, திங்கள்
வேலையிடத்தில் மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பதினான்கு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இன்று விடைத்தாள் திருத்தும்போது எனக்கே கோபம் வந்துவிட்டது. இந்த வருடத்திலிருந்து இந்தப் பாடம் நடக்கும் நான்கு நாடுகளுக்கும் ஒரே வினாத்தாள். தயாரிப்பது எங்கள் கல்லூரியோடு கூட்டு வைத்திருக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். கேள்வி ஐந்து: உங்கள் யோசனையை மேலாளர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறார், என்ன செய்வீர்கள்? விடைக்குறிப்பு: தனியாகச் சந்தித்து நேரடியாகச் சொல்ல வேண்டும். வேறு எது எழுதினாலும் சுழியம்.

என் வகுப்பில் பாதிப் பேர் நேரே சொல்லவில்லை, ஆள் வைத்துச் சொல்கிறார்கள். கோகிலன் — அக்கரையில் ஜுருவில் கார் விற்கும் கடையில் வேலை, மாலை வகுப்புக்குப் பினாங்குப் பாலம் தாண்டி வருகிறவன் — இப்படி எழுதியிருக்கிறான்: "மேலாளர் மதிக்கும் ஒரு மூத்தவரைப் பிடித்துச் சாப்பாட்டு நேரத்தில் பேச வைப்பேன். அவர் முகமும் வாடாது, என் வேலையும் போகாது." சுழியம் போட்டால் தேறமாட்டான். தேறினால்தான் கிளைப் பொறுப்பு என்று முதலாளி சொல்லியிருக்கிறாராம்.

ஜூன் 10
சுழியம் போட முடியவில்லை. பென்சிலில்கூட.

ஜூன் 12, வியாழன்
அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் நல்ல மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டேன். போன மாதம்வரை "நேரே பேசுங்கள்" என்று வகுப்பில் கத்தியவளும் நான்தான். புத்தகம் அப்படிச் சொல்கிறது. எழுதியவர் பினாங்கில் ஒரு நாளாவது வேலை பார்த்திருப்பாரா? இப்போது வரும் ஆய்வுகள், அந்தந்த ஊரில் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டன. வினாத்தாள்தான் இன்னும் கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்
பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. விடைக்குறிப்பை மீறியது ஏன்? வெள்ளிக்குள் விளக்கம் வேண்டும், இல்லையென்றால் அவர்களே திருத்திக்கொள்வார்களாம். பதில் டீன் முனுசாமி வழியாகத்தான் போக வேண்டும். நாளை அவர் அறைக்குப் போய் நேரே பேசிவிடுவது.

ஜூன் 19
போனேன். அவருடைய மூட்டுவலியைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

சீ, என்ன பிறவி நான்! ஆனா எப்படிக் கேக்கறது? கூட்டத்துல வாயே தொறக்காத மனுஷன்கிட்ட, "என் பக்கம் நில்லுங்க சார்"னா? முடியாதுன்னுட்டாருன்னா அப்புறம் தினமும் அந்த மூஞ்சில எப்படி முழிக்கிறது?

கடைசியில் நோர்மா அக்காவிடம் போய்க் கொட்டினேன். அலுவலகத்தில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். அம்மா வழியில் தமிழ் பேசுகிறவர். டீன் அவர் பேச்சைத் தட்டமாட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "நாளைக்கு அவரோட நாசி கண்டார் சாப்பிடப் போறேன்லா. நான் பாத்துக்கறேன், நீ வராத," என்றார்.

படியிறங்கும்போதுதான் உறைத்தது. கேள்வி ஐந்துக்கு நானும் கோகிலன் எழுதியதைத்தான் எழுதியிருக்கிறேன். விடைக்குறிப்புப்படி எனக்கும் சுழியம்.

ஜூன் 20, வெள்ளி
சாப்பிட்டு வந்ததும் டீன் கூப்பிட்டார். நோர்மா அக்கா பெயரையே எடுக்கவில்லை.

"தெரேசா, நம்ம பிள்ளைங்ககிட்ட இப்படிக் கேள்வி கேக்கலாமான்னு எனக்கே ரெண்டு நாளா யோசனை."

ரெண்டு நாளாம்! நான் பவ்யமாகத் தலையாட்டினேன். இருவரும் சேர்ந்து பதில் எழுதினோம்: இன்று மேலாளர் ஒரு நாட்டில் இருக்கிறார், வேலையாள் இன்னொரு நாட்டில், ஒரே விடை எல்லோருக்கும் பொருந்தாது, மூன்றாமவரை வைத்துப் பேசுவதும் பேசுவதுதான். டீன் முதலில் கையெழுத்துப் போட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்
மதிப்பெண்ணை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த படிப்புத் தவணையிலிருந்து ஒரு கேள்வியை அந்தந்த நாட்டு ஆசிரியரே எழுதலாமாம். ஒன்றே ஒன்று. இருக்கட்டும்.

கோகிலன் தேறிவிட்டான். டத்தோ கிராமாட்டில் வீடு வந்து சேரும்வரை காரில் அழுதுகொண்டே வந்தேன். சந்தோஷம்தான்.

செப்டம்பர் 23
வகுப்பு முடிந்து வெளியே வந்தால், தலை நரைத்த ஒருவர் காத்திருந்தார். சாதிக் என்று பெயர். கோகிலன் இப்போது பார்த்துக்கொள்ளும் கிளையில் வெகுநாளாக வேலை செய்கிறவராம். காப்பி வாங்கித் தந்தார். மழை, பாலத்து நெரிசல், தன் மகளின் கல்யாணம் எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"கோகிலன் தம்பி நல்ல பிள்ளதான். கஸ்டமர் முன்னாடியே எங்களத் திட்டிடுது, அதான். நீங்க சொன்னா கேக்கும் டீச்சர். நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

'நீங்களே நேரே சொல்லலாமே' என்பது என் நாக்கு நுனிவரை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோகிலனை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன்.