சஹீரின் விளையாட்டுக் கேசட்

விருத்தாசலம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சஹீருக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் அத்தாவும் நலம், மாண்ட்ரியலில் கொட்டுகிற பனியில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் இங்கே ஓயாத கவலை.

அத்தாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனால் நம் பொம்மைக் கடைக்குப் போகிற சாக்கில் டீக்கடையில் என்ன செய்கிறார் என்று யாருக்குத் தெரியும். உன் தங்கை சனா லீவுக்கு வந்திருக்கிறாள், டீச்சர் என்றுதான் பேர், வந்ததும் வராததுமாக நீ அனுப்பிய கேம் பெட்டியை டிவியில் மாட்டி நீ செய்த விளையாட்டைப் போட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தா துபாயிலிருந்து கொண்டுவந்த கீபோர்டு கம்ப்யூட்டரை டிவியில் சொருகி ஆடுவாயே, அதே ஏணி, அதே நகரும் பலகை, தாவுகிற மனிதன், மூன்றே உயிர், அதுவும் போனால் முதலிலிருந்து. இப்போதெல்லாம் செத்த இடத்திலேயே எழுந்து ஓடலாமாம், அண்ணன்தான் பிடிவாதமாகப் பழைய மாதிரி வைத்திருக்கிறான் என்று சனா சலித்துக்கொண்டாள். நானும் ஆடினேன், எந்தப் பலகை எப்போது நகரும் என்று பார்த்து வைத்துக்கொண்டு நாலாவது ஏணி வரை ஏறிவிட்டேன், நம்ப மாட்டாய். சனா கடைசி வரை போனாள். அங்கே வந்த இங்கிலீஷைத் தமிழில் சொன்னாள், "எட்டு வயதில் நான் பாழாக்கிய கேசட்டுக்குச் சமர்ப்பணம்" என்று நீ போட்டிருக்கிறாயாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சஹீர், அதைப் பாழாக்கியது நீ இல்லை. அப்போதெல்லாம் துபாயில் இருந்த அத்தாவுக்குக் கேசட்டில் பேசித்தானே அனுப்புவோம், உன் விளையாட்டும் கேசட்டில்தான் இருக்கும், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அதே டேப்ரிக்கார்டரில்தான். வீட்டில் இருந்த இரண்டு கேசட்டும் ஒரே மாதிரி, பேர் எழுதாதவை. கேசட்டை வாங்கிப்போக வந்த துபாய்க்காரர் வேப்பூரில் பஸ் பிடிக்க வேண்டுமென்று அவசரப்படுத்த, நான் உன் விளையாட்டு இருந்ததில் பேசிக் கொடுத்துவிட்டேன். மாலையில் நீ மிச்சமிருந்த வெற்றுக் கேசட்டைப் போட்டுவிட்டு டிவி முன்னால் காத்திருந்தாய், ஒன்றும் வரவில்லை. டிவி மேல் வைத்துக் காந்தத்தில் அழித்துவிட்டான் என்று உன் சின்னத்தா பரக்கத்துல்லா காதைத் திருகினார். "நான் டிவி மேல வைக்கவே இல்லம்மா" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். கேசட் மாறிப்போனது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சொன்னால் கேசட்டைத் திருப்பி வரவழைத்துக் கூடத்தில் எல்லாரும் போட்டுக் கேட்பார்கள். அதில் நான், இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, வந்துவிடுங்கள் என்று அத்தாவிடம் அழுதிருந்தேன். அந்த வெட்கத்துக்குப் பயந்து உன்னை விட்டுக்கொடுத்துவிட்டேன். நாலு நாள் போனதும், டிவி மேல் நான்தான் வைத்திருப்பேன் போல என்று நீயே சொல்ல ஆரம்பித்தாய். விளையாட்டு மறந்துபோகக் கூடாதென்று கட்டம் போட்ட நோட்டு முழுக்க ஏணியும் பலகையுமாக வரைந்தாய், அதைப் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை.

நேற்று அத்தாவிடம் சொன்னேன். என் பேச்சு முடிந்ததும் கேசட்டில் கீச்சென்று சத்தம் வந்ததாம், ஏதோ பழுது என்று நினைத்தாராம். அழியாமல் மிஞ்சிய உன் விளையாட்டுதான் அது. நீயே அவனுக்கு எழுது என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் விளையாட்டை எத்தனையோ தேசத்தில் ஆடுகிறார்களாம். அத்தனை பேர் முன்னால் என் பிள்ளை செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டாம். அந்த வரியை மாற்ற முடியுமானால், அம்மா அழித்த கேசட் என்று போடு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிம்மதியையும் தரட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். என் மேல் கோபம் வந்தால் வரட்டும், நியாயம்தான், வெள்ளிக்கிழமை போனை மட்டும் நிறுத்திவிடாதே.

உன் அம்மா
கமருன்னிசா