ஒன்பது பேருக்கு இடம் உண்டா?

மார்ச் 5

கப்பலில் மூன்றாம் நாள். இந்தக் குளியலறையைக் கட்டியவன் தன் வயிற்றை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பான். சோப்பு கீழே விழுந்தால் வெளியே வந்து, பின்பக்கமாக உள்ளே போய்த்தான் எடுக்க முடிகிறது.

அது கிடக்கட்டும். நாளை மறுநாள் தீவில் அக்கா மகனுக்குப் பதிவுத் திருமணம். பெண் அங்கே நர்ஸ். போன தடவை குறித்த நாளில் அத்தானுக்குச் சளி என்று, அவர் தம்பிமார் குடும்பத்தையும் சேர்த்து ஒன்பது பேரும் பயணத்தை நிறுத்தினோம். ஒழுகியது ஒரு மூக்கு, நின்றது ஒன்பது பேர். "இந்தத் தடவையும் வரலேன்னா நான் என் வழியப் பாத்துக்கறேன்" என்று பெண் சொல்லிவிட்டாளாம். நானாக இருந்தால் போன தடவையே பார்த்திருப்பேன்.

திட்டம் பையனுடையது. கப்பல் எட்டுக்கு வரும். கப்பல்காரன் நடத்தும் ஊர்சுற்றலுக்குக் கட்டாமல் நாமே வேன் பேசிப் போவோம். பத்தரைக்குக் கையெழுத்து. பன்னிரண்டுக்கு அலுவலகம் பூட்டிவிடுவார்கள். "நேரம் கொட்டிக் கெடக்கு மாமா" என்கிறான்.

மார்ச் 6

அத்தான் நான்கு தட்டு சாப்பிட்டார். சளி போயே போச்சு.

மார்ச் 7, காலை

எட்டுக்குச் சரியாக வந்தது கப்பல். எங்கே? கடலுக்குள். கரை கட்டைவிரல் அளவு தெரிந்தது. இவ்வளவு பெரிய கப்பல் அந்தத் துறையை ஒட்டி நிற்காதாம். நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்களாம். அதிலும் கப்பல்காரனிடம் பணம் கட்டியவர்கள்தான் முதலில். சொந்தமாகப் போகிறவன் சீட்டு வாங்கிக்கொண்டு கூடத்தில் உட்கார வேண்டியது. எல்லாம் முன்னாடியே சொல்லியிருந்தார்களாம். நம் அறிவாளி படித்தது கப்பல் வரும் நேரத்தை மட்டும்.

கல்யாண உடுப்பில் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், போட்டோக்காரன் எங்களை மறந்து சாப்பிடப் போன மாதிரி.

ஒன்பதரைக்கு மேல் எங்கள் முறை வந்தது. படகுக்காரர் கதவருகே நின்று கத்தினார்: "ரெண்டு இடம் இருக்கு! யாரு வர்றீங்க?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். "போனா ஒண்ணாப் போவோம். பிரிஞ்சு போற காரியமா இது?" என்றாள் அக்கா.

அடுத்த படகு. "மூணு இடம்!"

"ஒம்பது இருக்கான்னு கேளுப்பா" என்றார் அத்தான். எங்களுக்குப் பின்னால் சீட்டு வாங்கியவர்கள் டாட்டா காட்டிவிட்டு இறங்கினார்கள்.

இது இன்றைக்கு வந்த வியாதியில்லை. ஒரு தடவை தூரத்துச் சொந்தக்காரர் வீட்டு விருந்துக்கு, எல்லாரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறுவோம் என்று நாலு பஸ்ஸை விட்டோம். போய்ச் சேர்ந்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவ உதவி செய்துவிட்டு வந்தோம், அதுவும் ஒன்றாகத்தான்.

பையனின் ஃபோன் அடித்தது. பெண்தான். பக்கத்திலிருந்த எனக்கும் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"கப்பல்லதான்."

"கப்பல் எனக்கும் தெரியுது. நீங்கதான் தெரியல." வைத்துவிட்டாள்.

பையன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. திரும்பவும் கத்தல்: "ரெண்டு இடம்!"

பையன் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். "எந்திரிடா."

"தம்பி, நீ பண்றது நல்லால்ல" என்றாள் அக்கா.

"கல்யாணம் இவனுக்கா, ஒம்பது பேருக்குமா?"

இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

மார்ச் 7, மாலை

முடிந்தது. அதிகாரி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே கையெழுத்து வாங்கினார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டுமாம். ஒன்று நான். இன்னொன்று வேன் டிரைவர். பெண் முதலில் என்னைப் பார்த்தாள், அப்புறம் கதவைப் பார்த்தாள். "மத்தவங்க?"

"வந்துக்கிட்டே இருக்காங்கம்மா."

ஏழு இடம் காலியாகி அவர்கள் வந்து சேர்ந்தபோது இரண்டு மணி. கப்பல் கிளம்புவது ஐந்துக்கு, ஆனால் கடைசிப் படகு மூன்றரைக்கே. அதற்கான வரிசை அப்போதே படகுத்துறையைச் சுற்றிக்கொண்டு நின்றது. அக்கா வரிசையில் நகர்ந்தபடியே மருமகளின் கன்னத்தைத் தடவினாள். ரெண்டு அடி நகர்ந்தாள், திரும்பிப் பார்த்தாள், திரும்ப ரெண்டு அடி. பையன் பெண்டாட்டியோடு கரையிலேயே நின்றுவிட்டான்.

போட்டோவில் நாலு பேர். டிரைவர்தான் அழகாக விழுந்திருக்கிறார்.

மார்ச் 8

அக்கா என்னோடு பேசவில்லை. உப்பை நகர்த்தச் சொல்வதானாலும் அத்தான் மூலமாகத்தான். "பெத்தவ வர்றதுக்குள்ள என்ன அவசரம்? டிரைவர் பாக்குறான் எம்புள்ள கல்யாணத்த" என்று அவரிடம் சொல்கிறாள், எனக்குக் கேட்கிற மாதிரி. நான் செய்தது தப்பா? இல்லை. ஆனால் உப்பில்லாமல் சாப்பிட்டேன்.

மார்ச் 9

இந்த ஊரிலும் நங்கூரம்தான். "ஒரு இடம்!" என்ற சத்தம் கேட்டதுமே அத்தான் எழுந்தார். "சும்மா எட்டிப் பாத்துட்டு வர்றேன்" — ஆளைக் காணோம். அவர் தம்பிமார் குடும்பமும் ரெண்டும் மூணுமாக வழிந்து போய்விட்டது. ஒன்றாகப் போகிற குடும்பமாம்! என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை. எனக்கென்ன, கரையில் வேலையா? கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்கா போகவில்லை போலிருக்கிறது. இதோ வருகிறாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டுகிறாள். என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொல்கிறாள்: "ரெண்டு இடம்னு கத்துனாச் சொல்லுடா. எனக்குச் சரியாக் கேக்க மாட்டேங்குது."

இவளுக்கா கேட்காது! மூன்றாவது அறையில் நான் கொட்டாவி விட்டாலே ஏன்டா என்று கேட்பவள்.

கத்துகிறார்கள்.