கடலுக்கு எவ்வளவு தூரம்

2009 செப்டெம்பர் 14, திங்கள்

வலயக் கல்வி அலுவலகத்தில் பயிற்சி. தலைப்பு: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கற்பித்தல் கருவிகள். எனக்கு மின்னஞ்சல் முகவரியே போன மாதம்தான் வந்தது. பக்கத்துக் கதிரையில் பஸ்னா. ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்தவள், இப்போது ஏறாவூரில் புவியியல் படிப்பிக்கிறாள். செய்மதிப் படம் காட்டும் தளம் ஒன்றைத் திறந்தார்கள். அவள் பூமிப்பந்தைப் பிடித்துச் சுழற்றி நேரே தன் பள்ளிக்கூடக் கூரையில் போய் இறங்கினாள். என் மவுஸ் மேசையை விட்டுக் கீழே விழுந்துவிட்டது. திரையில் இன்னமும் இந்துசமுத்திரம்.

"மெதுவாப் புள்ள. அது எங்கயும் ஓடிப்போகாது" என்றாள்.

இதெல்லாம் ஏன் இலவசமாகத் தருகிறார்கள் என்று பயிற்றுநரிடம் கேட்டேன். சிரித்தார். சிரிப்பு ஒரு பதிலா?

செப்டெம்பர் 23, புதன்

கம்பியூட்டர் அறையின் திறப்புக் கொத்து விஜிதரன் சேரிடம். சுனாமிக்குப் பிறகு யாரோ தந்த பதினொரு கம்பியூட்டரில் ஏழு வேலை செய்கின்றன. இணையம் விரல் அளவு குச்சி ஒன்றில் வருகிறது. அதை வயரில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார்.

"ஏழிலயும் ஒரே நேரத்தில திறந்தா செத்துப்போகும் டீச்சர். ரெண்டில திறப்பம். புள்ளைகள் மாறி மாறி வரட்டும்."

சரி என்றேன். என்னிடம் கேட்டால் கரும்பலகையே போதும். ஆனால் அதிபருக்கு வலயத்துக்கு அனுப்ப ஒரு அறிக்கை வேண்டும்.

செப்டெம்பர் 28, திங்கள்

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நல்ல பாடம். தரம் பத்து, முப்பத்தொரு பேர். கரையோர நில உருவங்கள். தளத்தில் மேலே ஒரு கோடு இருக்கிறது, அதை இடப்பக்கம் இழுத்தால் பழைய வருடத்துப் படங்கள் வரும். முகத்துவாரத்தில் மணல் அடைபடுவதும், மழைக்கு வெட்டிவிட்டபின் வாவித் தண்ணீர் பழுப்பாய்க் கடலுக்குள் பாய்வதும் கண்ணுக்கு முன்னால். பதினைந்து வருடம் சோக்கால் கீறிக்காட்டி விளங்காதது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. "இன்னொருக்கா டீச்சர்" என்றார்கள். என் பாடத்தில் இந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

வீட்டுவேலை கொடுத்தேன். இடைவேளையில் விஜிதரன் சேரிடம் போய்ச் செய்யலாம். "உங்களுக்குத் தெரிந்த ஐந்து இடங்கள். ஒவ்வொன்றும் கடலிலிருந்து எவ்வளவு தூரம்? தளத்திலுள்ள அளவுகோலால் அளந்து எழுதுக."

ஒக்டோபர் 2, வெள்ளி

அறிவு கெட்டவள் நான்.

மணிக்கூட்டுக் கோபுரம், கல்லடிப் பாலம், ஆஸ்பத்திரி, வெளிச்சவீடு — இப்படி வரும் என்றுதான் நினைத்தேன். பத்தொன்பது கொப்பிகளில் அப்படி ஒன்றும் இல்லை. அந்த வருடக் கோட்டைப் பின்னுக்கு இழுத்து, சுனாமி அலை வருவதற்கு முந்திய படத்தில் போய் நின்று அளந்திருக்கிறார்கள். மாமி வீடு 90 மீ. அம்மன் கோயில் 140 மீ. சின்னத்தங்கம் கடை 112 மீ. நாவலடியில். இன்றைக்கு அங்கே அவற்றில் ஒன்றும் இல்லை.

எனக்குத் தெரியாதா? வகுப்பில் அரைவாசிக்கு மேல் நாவலடியிலிருந்து இங்கே திராய்மடுவுக்குக் கொண்டுவந்து குடியேற்றிய பிள்ளைகள். எங்கள் வீடு டவுனில், தண்ணீர் ஒழுங்கை முனையோடு நின்றுவிட்டது. அதனால்தான் இவ்வளவு லேசாகக் கேட்டேனோ? யாராவது இந்தப் பிள்ளைகளிடம் போய்க் கடல் எவ்வளவு தூரம் என்று கேட்பார்களா?

பஸ்னாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன். "புள்ளிய போட்டுக் குடுத்திரு. அதுகள் பிழையா ஒண்டும் செய்யல்லயே" என்றாள். சரியான பேச்சுத்தான். ஆனால் பிறகும் பேனை ஓடவில்லை.

ஒக்டோபர் 5, திங்கள்

ஆர்த்திகா ஆசிரியர் அறைக்கு வந்தாள். ஐந்து இடம் கேட்டதற்கு ஒரே இடத்தை ஐந்து தடவை அளந்திருந்தவள். "எங்கட வீடு 214. எங்கட வீடு 211. எங்கட வீடு 216..."

"எல்லாம் இருநூறுக்கு மேல வருது டீச்சர். அப்ப ஏன் எங்கட வீட்டக் கட்டித் தரல்ல?"

விளங்க எனக்கு நேரம் எடுத்தது. அலைக்குப் பிறகு, கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத் திராய்மடுவில் வீடு, வெளியே இருந்தவர்களுக்கு அதே இடத்தில். அவளுடைய அப்பா வல்லிபுரம், தங்கள் வளவு அந்த இருநூறு மீட்டருக்குள் என்று சொல்லித்தான் இங்கே வந்தார். அம்மாவும் தம்பியும் அந்த வீட்டில்தான் அலையோடு போனார்கள். எங்கள் பக்கம் தாயின் வீடு வளவு மகளுக்கு, இதை யாரும் எழுதிவைப்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். அந்த வளவு ஆர்த்திகாவுடையது, அங்கே கட்டித் தந்திருந்தால் வீடும் அவளுக்குத்தான். இப்போது அப்பா, கடற்றொழில் முதலாளி ஒருவருக்கு அதில் மீன்வாடிக் கொட்டில் போடக் கொடுக்கப் போகிறாராம், பேச்சு முடிந்துவிட்டதாம். தைமாதம் உறுதி எழுதுகிறார்களாம்.

"சின்னம்மாட பேரில இஞ்ச வீடு எடுக்கத்தான் அப்பா பொய் சொன்னவரா டீச்சர்?"

சின்னம்மா என்றால் அப்பா பிறகு கட்டியவள். நான் "பார்ப்பம்" என்றேன். கோழைகள் பாவிக்கிற சொல்.

ஒக்டோபர் 9, வெள்ளி

நானே அளந்தேன். அதே வீடு, அதே கோல். 2004 படத்தில் 214. 2006இல், வீடு இருந்த அடையாளத்திலிருந்து 188. இந்த வருடப் படத்தில் 231.

எது சரி?

விஜிதரன் சேர் சொன்னார்: "படம் சரிஞ்சு ஒட்டியிருக்கும் டீச்சர். கல்லடிப் பாலத்தப் பாருங்க." பார்த்தேன். பாலம் நடுவில் வெட்டுப்பட்டு, ஒரு துண்டு விலகிக் கிடக்கிறது. அதற்கு மேலால் எத்தனை தடவை ஸ்கூட்டியில் போயிருக்கிறேன்.

சரி, கடல் எங்கே தொடங்குகிறது? நுரையிலா, ஈர மணலிலா, காய்ந்த மணலிலா? காலையில் ஒரு கோடு, பின்னேரம் ஒரு கோடு, மாரியில் வேறு கோடு. பதினைந்து வருடமாகக் கரையோரம் படிப்பிக்கிறேன், இந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டதில்லை.

ஒக்டோபர் 13, செவ்வாய்

அந்தத் தளத்திலேயே கேள்வி கேட்க ஒரு இடம் இருக்கிறது. பஸ்னா ஆங்கிலத்தில் எழுதித் தந்தாள், அப்படியே போட்டேன். அரை மணித்தியாலத்தில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் பதில் எழுதிவிட்டார். படங்கள் பத்து, இருபது, முப்பது மீட்டர்கூட விலகியிருக்கலாம், காணி விசயத்துக்கு இதை நம்ப வேண்டாம் என்று. கடைசியில் ஒரு வரி: அழகான கடற்கரை, விடுமுறையைச் சந்தோசமாகக் கழியுங்கள்.

சிரித்தேன். பிறகு ஆத்திரம் வந்தது. அந்த மனிசன் என்ன செய்வான் பாவம், அவனுக்கு நீலமும் மணலும்தானே தெரியும்.

ஒக்டோபர் 16, வெள்ளி

ஆர்த்திகாவிடம் சொன்னேன், இந்த எண்களை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது என்று. கொப்பியை மூடினாள்.

"அப்ப ஏன் டீச்சர் எங்கள அதால அளக்கச் சொன்னீங்க?"

மணி அடித்தது.

ஒக்டோபர் 19, திங்கள்

ஆர்த்திகா 2004 படத்தைச் சனிக்கிழமை டவுனில் பிரின்ட் எடுத்து அப்பாவுக்குக் காட்டினாளாம். அவர் அதை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாராம். இவளும் அதற்குப் பிறகு வீட்டில் பேசவில்லை.

நவம்பர் 3, செவ்வாய்

வல்லிபுரம் வந்தார். மழையில் நனைந்து, சொல்லியும் கதிரையில் இருக்கவில்லை. முன்பு கடலுக்குப் போனவர், இப்போது வாவியில்தான் வலை போடுகிறார். பிரின்டை மேசையில் விரித்தார்.

"இத ஆரு டீச்சர் எடுத்த?"

மேலே சுற்றுகிற செய்மதி என்றேன். குனிந்து கனநேரம் பார்த்தார். கூரையில் ஒரு நீலப் பொட்டு. "இது படங்கு. ஒழுக்குக்கு நான்தான் போட்ட" என்றார்.

பிறகு கதவைப் பார்த்தார். அறையில் நாங்கள் இருவரும்தான்.

"புள்ள அளந்தது சரிதான் டீச்சர். அண்டைக்கு டேப்ப நான்தான் புடிச்ச. அளக்க வந்தவர் கடல் பக்கம், நான் வீட்டுப் பக்கம். வீடு எங்க, வாசப்படி மட்டும்தான் மிச்சம். நான் அதில நிக்கல்ல. கடல் பக்கமா முன்னுக்கு ஒரு தென்னங்குத்தி கிடந்திச்சி, அதில போய் நிண்டு இதான் எங்கட வாசல் எண்டன். நூத்தித் தொண்ணூறு எண்டு எழுதிட்டுப் போனார்."

"ஏன்?"

"இருநூறுக்கு அங்கால எண்டா அதே இடத்தில கட்டித் தருவாங்க. அதில கிடந்து நான் எப்படி நித்திரை கொள்ற? இவள எப்படி அதில படுக்க வைக்கிற?"

சின்னம்மாவுக்காக என்று அவள் நினைக்கிறாள் என்றேன்.

"நினைக்கட்டும். அது எனக்கு லேசு. நீங்க சொல்லிராதீங்க."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன்? இந்த மனிதரில் எனக்குக் கோபம் வர வேண்டும். ஒரு பிள்ளையின் சொத்தைத் தென்னங்குத்தியில் நின்று தொலைத்தவர், மிச்சத்தையும் வாடிக்குக் கொடுக்கப் போகிறவர். கோபம் வரவில்லை. அவர் போனபிறகு அழுகைதான் வந்தது.

நவம்பர் 10, செவ்வாய்

மழை. வீதியில் தண்ணீர், இணையம் இல்லை, வகுப்பில் ஒன்பது பேர். ஆர்த்திகா இல்லை.

நவம்பர் 18, புதன்

வந்தாள். மெலிந்திருக்கிறாள். சின்னம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சலைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோகிறாள் என்று பக்கத்துப் பிள்ளை சொன்னது. அந்தப் பொம்பிளை என்ன பாவம் செய்தாள்? அவளுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை, அது வல்லிபுரத்துக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

உண்மை தெரிந்துகொண்டு, பிள்ளைக்கு வரைபடத்தில் ஒப்பளவு படிப்பித்துக்கொண்டு நிற்கிறேன். என்ன டீச்சர் நான்?

பஸ்னாவிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "வாக்க நீ குடுத்த. அத நீ முறிக்காத. அந்த மனிசன சொல்ல வை" என்றாள்.

நவம்பர் 21, சனி

போனேன். வல்லிபுரம் வீட்டுக்குப் பின்னால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஆர்த்திகா ரியூசனுக்குப் போயிருந்தாள். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"நீங்க சொல்லுங்க. என்னால இத வச்சிக்கொண்டு வகுப்புக்குள்ள போக ஏலாது."

"சொல்லி என்ன டீச்சர் வரப்போகுது?"

"அவ உங்களக் கள்ளன் எண்டு நினைக்கிறா. பயந்த மனிசன் எண்டு நினைச்சாப் போதாதா?"

சொன்னபிறகுதான் வாயைப் பொத்த வேண்டும் போல் இருந்தது. ஒரு ஆம்பிளையிடம், அவர் வீட்டிலேயே. அவர் ஊசியை நிறுத்தவில்லை. சின்னம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

நான் செய்தது சரியா? தெரியாது. உண்மையாகவே தெரியாது.

டிசம்பர் 1, செவ்வாய்

ஒரு மாற்றமும் இல்லை. தவணைப் பரீட்சை.

டிசம்பர் 4, வெள்ளி

ஆர்த்திகாவின் புவியியல் வினாத்தாளில், கரையோர மாற்றம் பற்றிய கேள்விக்கு விடை இல்லை. கேள்வி எண்ணை மட்டும் எழுதிவிட்டு அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறாள். மற்றதெல்லாம் சரி.

அதிபர் கேட்டார், வலயத்துக்கு அறிக்கை தயாரா, மாணவர்கள் எவ்வாறு பயன்பெற்றனர் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர் என்று எழுதினேன். அதற்குமேல் என்ன எழுத?

டிசம்பர் 26, சனி

அலை வந்து ஐந்து வருடம். கடற்கரைக்குப் போகவில்லை. எனக்கு அங்கே போக உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

2010 ஜனவரி 11, திங்கள்

புதிய தவணை. இன்று எல்லாரும் போனபிறகு ஆர்த்திகா நின்றாள். கதவோரமாக நின்று, என்னைப் பாராமல் சொன்னாள்.

"அப்பா சொன்னவர் டீச்சர். டிசம்பர் லீவில. தென்னங்குத்திக் கதை."

"ஓம்."

"உங்களுக்குத் தெரியுமாமே."

ஓம் என்றேன். என்மேல் கோபமா என்று கேட்க வாய் வரவில்லை. அவளே சொன்னாள், "கோபம்தான் டீச்சர்" என்று. சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். வாடிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 16, சனி

முகத்துவாரம் வெட்டிவிட்டதைப் படம் பிடிக்கலாம் என்று நாவலடிக்குப் போனேன். திங்கட்கிழமைப் பாடத்துக்கு. போன கையோடு திரும்பியிருப்பேன், வீதியில் வல்லிபுரத்தைக் கண்டேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தார் வீதியில் நிற்கிறார். பக்கத்தில் சைக்கிள், காலடியில் வேலிக்கட்டைக் குவியல். அவர்களுடைய பழைய வளவுக்குள்ளே ஆர்த்திகா அலவாங்கால் குழி தோண்டுகிறாள். சின்னம்மா கயிறு பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"வாடிக்காரர்?" என்றேன்.

"ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

"நீங்க உள்ளுக்குப் போகல்லயா?"

"இல்ல டீச்சர். எனக்கு இதுக்கு அங்கால ஏலாது."

அவள் "கட்டை" என்று கூப்பிடுவாள். இவர் ஒன்றை எடுத்து வீதியோரம் வைப்பார். அவள் வந்து தூக்கிக்கொண்டு போவாள். என்னைக் கண்டும் அவள் சிரிக்கவில்லை. நான் போகவும் மனமில்லாமல், நிற்கவும் தெரியாமல் ஸ்கூட்டியில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

கடல் பக்க மூலைக்கட்டை நிற்கவில்லை. மணல் இளக்கம். சின்னம்மா பிடித்துப் பார்த்தாள், சரிந்தது. ஆர்த்திகா இரண்டு தடவை நட்டு, இரண்டு தடவையும் விழுந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வீதிப் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, வந்து புடிங்க."

அவர் செருப்பைக் கழற்றி வீதியிலேயே விட்டார். நடந்து போனார், கடலைப் பாராமல், அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு. கட்டையை இரண்டு கையாலும் பிடித்தார். அவள் மண்ணைப் போட்டுக் காலால் மிதித்து இறுக்கினாள். போதும் என்று அவள் சொல்லும்வரை அவர் விடவில்லை.