கிளியம்மாள் அக்காவின் வேலைப் படிவம்

பல்லாவரம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கிளியம்மாள் அக்காவுக்கு, தோல் கம்பெனி ஆபீஸ் கிளார்க் சத்யபிரியாவின் வணக்கம்.

ஓசூர் குளிர் ஒத்துக்கொள்கிறதா? விரல்களில் உணர்ச்சி கொஞ்சமாவது திரும்பியதா? போன் செய்தால் "வுடு கண்ணு" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். அனுப்பிரியா, அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு.

நீங்கள் வேலையை விட்டபின், உங்கள் நாற்காலியில் இப்போது சிட்டிபாபு உட்காருகிறார். அதே மேஜை, அதே தோல். ஆனால் அவர் 'தரப் பரிசோதகர்'; சம்பளம் உங்களைவிட இரண்டு படி மேலே. வயிறு எரிகிறது அக்கா. போன மாதம் அவர் பார்த்து அனுப்பிய சரக்கில் பாதி திரும்பி வந்துவிட்டது. தோலில் மாட்டு உண்ணி கடித்த தழும்பு அவர் விரலுக்குத் தட்டுப்படவில்லை. "அந்தக்கா கை நமக்கு வராது மேடம்" என்று அவரே சொல்கிறார்.

எல்லாம் என்னால் வந்தது. எந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பெண், அதை வைத்து எவ்வளவு சம்பளம் என்று முடிவு செய்ய, போன வருஷம் கம்பெனியில் அவரவர் வேலையை எழுதித் தரச் சொன்னார்கள் இல்லையா? ஆண்கள் தூக்குவது, இழுப்பது, மெஷின் துடைப்பதுவரை பக்கம் பக்கமாக எழுதினார்கள். உங்களிடம் கேட்டேன். "இன்னா பெரிய வேலை கண்ணு, குந்திகினு தடவிப் பாக்கறதுதானே" என்று சிரித்தீர்கள். படித்தவள் நான், 'உட்கார்ந்து செய்யும் இலேசான வேலை' என்று எழுதி நீட்டினேன். என்னை நம்பிக் கைநாட்டு வைத்தீர்கள்.

விரல் மரத்துப்போய் நீங்கள் மருத்துவச் செலவு கேட்டபோது, இலேசான வேலையில் விரல் எப்படிப் போகும் என்று என் வரியைத்தானே காட்டினார்கள்! பாவி நான், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலைக்கும் 'டைப் அடிப்பது' என்று ஒரே வரிதான் எழுதியிருந்தேன், அது வேறு விஷயம்.

இப்போது மறுபடி மதிப்பிடுகிறார்கள். மாதக் கடைசிவரைதான் நேரம். உங்கள் வரிசையில் இன்னும் பதினோரு பெண்கள் இருக்கிறார்கள். கேட்டால் எல்லாரும் அதே "தடவறதுதான் மேடம்". எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒருநாள் வாருங்கள் அக்கா. இருபத்திரண்டு வருஷம் கண் எரிய, கழுத்து வலிக்க, ஒரு நாளைக்கு எத்தனை தோலைத் தடவினீர்கள், ஒரு கீறல் தவறினால் யார் திட்டு வாங்கினார்கள் என்று சொல்லுங்கள். சொன்னபடியே எழுதுகிறேன். உங்களுக்கு இனி அந்தச் சம்பளம் வராது. தெரிந்துதான், அந்தப் பதினோரு பேருக்காகக் கூப்பிடுகிறேன்.

வர முடியாவிட்டால் அனுவையாவது எழுதச் சொல்லுங்கள். விரல்களில் சுடுநீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுட்டால்கூடத் தெரியாது. இதைக் கேட்டு முடித்ததும் சிரித்துக்கொண்டு, "அது ஒண்ணும் பெருசு இல்ல கண்ணு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அக்கா.

உங்கள்,
சத்யபிரியா