வெளிச்சம் பிடித்தவனின் முகம்

என் பிரியமான எல்லப்பா, வெளிச்சத்தோடு தள்ளி நின்றவனே,

நீ இறந்த பிறகு பிறந்த, நீ பார்க்காத உன் மகளுக்கு மூன்று மாதம். ராயபுரத்தில் ரயில் ஊதினால் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். யார் வருவதாக நினைக்கிறாள்?

போன வாரம் பவுனு என்னிடம் இரண்டு படம் கேட்டாள். குழந்தையை ஒன்று. உன்னுடையது ஒன்று. "பொண்ணு வளந்து, எங்க நைனா எப்டி இருக்கும்னு கேட்டா இன்னாத்தண்ணா காட்றது?" உன் மனைவி என்னை அண்ணா என்னும்போதெல்லாம், நீ மச்சான் என்பதும் சேர்ந்தே காதில் விழுகிறது.

உன் படம் என்னிடம் இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. மூன்று வருடம், எத்தனை ஃபிலிம் சுருள்! காசிமேட்டு மீன்காரிகள், வலைகள், மழையில் நிற்கும் கிரேன்கள். எதிலும் நீ இல்லை. ஒருமுறை வந்து நில்லேன் என்றால், "நா அங்க நின்னா வெளிச்சத்த ஆரு புடிப்பா? உங்க காலேஜ் வாத்தியாரா?" என்பாய்.

நம் முறை ஏழைகளின் முறை. என் பெட்டிக் கேமராவுக்கும் விளக்குக்கும் நடுவே கம்பி கிடையாது. இருண்ட வலைக் கொட்டகையில் நான் கேமராவின் கண்ணைத் திறந்து வைத்து "போடு" என்பேன். பக்கவாட்டில் தள்ளி நிற்கும் நீ, துறைமுகப் பட்டறையில் செய்த விளக்கை அமுக்குவாய். பழைய டார்ச், பால்மாவு டப்பா மூடி, ஒரே ஒரு முறை எரியும் பல்பு. பிறகு நான் கண்ணை மூடுவேன். முகங்கள் தண்ணீரிலிருந்து எழுவதுபோல வந்தன.

நீ இல்லாமல் குழந்தையை எப்படி எடுப்பது? மவுண்ட் ரோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். "கேமரா தலைமேலேயே உக்காந்துக்கும் சார். தானா எரியும். கூட ஆளே தேவையில்ல."

ஆளே தேவையில்லை.

விலை எனக்கு எட்டாது. ஆனால் நான் பின்வாங்கியது விலையால் மட்டுமல்ல. உன் டப்பா மூடி துருப்பிடித்துவிட்டது. அதற்குப் பதில் ஒரு வெள்ளிநிறக் கிண்ணமும் நான்கு பல்புகளும் மட்டும் வாங்கினேன். டார்ச் உன்னுடையதே இருக்கட்டும்.

திரும்பி நடக்கையில் கொட்டகையில் ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்தது. "போடு" என்றேன், எரியவில்லை. உப்புக்காற்று ஏறியிருக்கும். வழக்கம்போல் பல்பைக் கழற்றி, அடியை நாக்கில் தொட்டாய். பேசிக்கொண்டே வலைக் குவியலுக்கு முன்னால் வந்து அதைத் திரும்ப மாட்டினாய். விளக்கின் பித்தான் மீதிருந்த கட்டைவிரலை எடுக்க மறந்துவிட்டாய். உன் முகத்துக்கு நேரே வெடித்தது வெளிச்சம். கேமராவின் கண் திறந்தே இருந்தது.

"ஐயோ மச்சான், ஒண்ணியும் தெர்ல! நீ கீறியா, பூட்டியா?" என்று சிரித்தாய். ஒரு பல்பு போயிற்றே என்று நான் கோபித்துக்கொண்டேன்.

அந்த நெகடிவை எறிந்துவிட்டேனா? வீட்டில் எல்லா உறைகளையும் கொட்டினேன். புத்தகங்களுக்கு அடியில் ஒன்று. மேலே என் கையெழுத்து: வீண்.

ஜன்னலைப் போர்வையால் மூடி அச்செடுத்தேன். தட்டின் மருந்து நீருக்குள் முதலில் உன் தலைமுடி வந்தது, பிறகு சிரிப்பு. நெற்றி வெளிச்சத்தில் கரைந்துவிட்டது. கண்கள் இறுக மூடியிருக்கின்றன. அதுவரை உன்னை நான் சரியாகப் பார்த்ததேயில்லை என்று பட்டது.

பவுனு படத்தை வாங்கிக் கதவோர வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எனக்குப் பயமாயிருந்தது. "கண்ண மூடிக்கினு சிரிக்குது பாருண்ணா," என்றாள். பிறகு, "இதேதான். பல்ப நக்கிட்டு வந்து இதே மூஞ்சியோட சோத்துக்குக் குந்தும்."

குழந்தையைப் பாயில் கிடத்திக் கதவைச் சாத்தினோம். விளக்கை அவளிடம் நீட்டினேன். "வெடிச்சி கிடிச்சி பூடப் போவுது," என்றாள். ஆனால் நான் சொல்லாமலே பல்பைக் கழற்றி அடியை நாக்கில் தொட்டாள். நீ நிற்கும் தூரத்தில் போய் நின்றாள்.

"போடு" என்றேன்.

சுருளை இன்னும் கழுவவில்லை. உன் மகள் கண்ணை மூடினாளோ, சிரித்தாளோ?

இனி ஒவ்வொரு சுருளிலும் முதல் படம் வெளிச்சம் பிடிப்பவருக்கு. எந்த உறையிலும் 'வீண்' என்று எழுத மாட்டேன். அன்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: இங்கதான் கீறேன், எல்லப்பா.

உன் மச்சான்,
உன் மகளுக்குத் தாய்மாமன்,
சோமு